கட்டடக்கலை படிக்கப் போகும் பிள்ளைக்கு வரையப் பயமா?



கடந்த ஆண்டு நமது கல்வி உதவியில் பி.ஆர்க். சேர்ந்த ஒரு மாணவி, கல்லூரி திறந்த மூன்றாவது வாரமே தன் அம்மாவுடன் அலுவலகத்துக்கு வந்து நின்றார். பணம் கேட்டு வரவில்லை. "எனக்கு வேற கோர்ஸ் மாத்திக் கொடுங்க. இது எனக்கு வராது" என்றார். பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளை. அத்தா கொத்தனார். வகுப்பில் பக்கத்து மேசையில் இருப்பவர்கள் சின்ன வயதிலிருந்தே ஓவிய வகுப்புக்குப் போனவர்கள். இவரோ சயின்ஸ் ரெக்கார்டில் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டை வரைந்ததோடு சரி. வரைந்த தாளை யாராவது எட்டிப் பார்த்தால் கையால் மூடிக்கொள்கிறாராம். அம்மா ஒன்றும் பேசவில்லை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

படிப்பை மாற்றித் தருவது நம் கையில் இல்லை. அதைவிட, அந்தப் பிள்ளை சொன்ன காரணம் நமக்குச் சரியாகப் படவில்லை. "முப்பது நாள் பொறு. அதற்குப் பிறகும் இதையே சொன்னால் நாங்களே கூட வந்து பேசுகிறோம்" என்று சொல்லி அனுப்பினோம். அந்த முப்பது நாளில் என்ன செய்யச் சொன்னோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். நம் மஹல்லாக்களில் இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர் கூடிக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளின் முதல் பயம் எப்போதும் வரைவதுதான்.

முதலில் பெற்றோருக்குச் சில தகவல்கள். பி.ஆர்க். ஐந்து ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும். அதோடு நாட்டா என்ற நுழைவுத் தேர்வையோ, ஜே.இ.இ. மெயின் தேர்வின் 2ஏ தாளையோ எழுத வேண்டும். நாட்டாவை நடத்துவது டெல்லியில் உள்ள கட்டடக்கலை கவுன்சில். அண்மை ஆண்டுகளின் முறைப்படி 200 மதிப்பெண்ணில் 80 கையால் வரைவதற்கும் உருவம் அமைப்பதற்கும், மீதி 120 கணினியில் விடையளிப்பதற்கு. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கும், நுழைவுத் தேர்வை 200க்கும் கணக்கிட்டு, மொத்தம் 400க்குத் தரவரிசை போடுகிறார்கள். விதிகள் மாறக்கூடியவை, அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். மதுரையை விட்டு அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி: திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது.

இன்னொரு கேள்வியும் நம்மிடம் வருகிறது, சத்தம் குறைத்துக் கேட்பார்கள்: "உருவம் வரையலாமா?" உயிருள்ளவற்றை வரைவது பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல, உங்கள் மஹல்லா இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் படிப்பில் வரைவது பெரும்பாலும் சுவர், தூண், படி, மரம், தெரு, நிழல். மனித உருவம் வருவது பெரும்பாலும் அளவு காட்டுவதற்காக, கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நின்றால் கதவு எவ்வளவு உயரம் என்று தெரியுமே, அதற்காக. அந்த ஆளுக்குக் கண்ணும் மூக்கும் வைக்கிற வழக்கம் குறைவு. வெறும் வெளிக்கோடே போதும். இந்தச் சங்கடத்தால் மட்டும் பிள்ளையைத் தடுத்து வைத்திருந்தால், ஒருமுறை விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

இனி பிள்ளைகளுக்கு.

படம் வரைவது பிறவியிலேயே வரும் கைவாக்கு என்று நினைக்கிறோம். பெரிய ஓவியருக்கு அப்படி இருக்கலாம். கட்டடக்கலை மாணவருக்கு வேண்டியது அதுவல்ல. பார்த்ததை அளவு மாறாமல் தாளில் வைக்கவும், மனதில் உள்ளதை இன்னொருவருக்குப் புரியவைக்கவும் தெரிந்தால் போதும். இது எழுத்துப் பழகுவது மாதிரி. அரபு மதரஸாவில் முதல் நாள் நாம் எழுதிய அலிஃபும் பாவும் எப்படி இருந்தன? யாரும் அதைப் பார்த்து "உனக்கு எழுத வராது, வீட்டுக்குப் போ" என்று சொல்லவில்லை.

முதல் வாரம் வெறும் கோடு. ஒரு பக்கம் அச்சடித்த பழைய தாள்களே போதும், விலை கூடிய தாள் வாங்கினால் கெட்டுப்போகுமே என்ற பயம்தான் வரும். 2பி பென்சில் ஒன்று. ரப்பரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். தாளில் இரண்டு புள்ளி வையுங்கள். பென்சிலைத் தாளில் படாமல் அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவே மூன்று முறை காற்றில் ஓட்டுங்கள். பிறகு ஒரே இழுப்பில் கோடு போடுங்கள். மணிக்கட்டை மட்டும் ஆட்டினால் நீளக் கோடு வளைந்துவிடும், தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். கண் பென்சில் முனையைப் பார்க்கக் கூடாது, போய்ச் சேரவேண்டிய புள்ளியைப் பார்க்க வேண்டும். சைக்கிள் ஓட்டும்போது முன்சக்கரத்தைப் பார்த்தால் விழுவோம் அல்லவா, அதே கதை.

புதிதாக வரைகிறவர்கள் கோட்டைத் துண்டு துண்டாகத் தடவித் தடவிப் போடுவார்கள். கோடு மயிர் முளைத்தது போல இருக்கும். தைரியம் இல்லாததை அது காட்டிக்கொடுத்துவிடும். கோணலாக இருந்தாலும் ஒரே கோடு மேல். தவறாகப் போனால் அழிக்காமல், அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். முதல் கோட்டைப் பார்த்துத்தான் இரண்டாவதைத் திருத்த முடியும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி எழுதுங்கள். எதையும் கிழித்துப் போடாதீர்கள், முப்பதாம் நாள் அது தேவைப்படும்.

அடுத்தது வட்டம், அதாவது சாய்ந்து தெரியும் வட்டம். வீட்டில் ஒரு டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் அதன் வாய் ஒரு கோடாகத் தெரியும். கொஞ்சம் கீழே இறக்கினால் முட்டை வடிவம். இன்னும் இறக்கினால் அந்த முட்டை அகலமாகும். தரையில் வைத்து மேலிருந்து குனிந்து பார்த்தால் முழு வட்டம். இதைப் பார்த்துப் பார்த்து நாலு நிலையிலும் வரையுங்கள். முட்டையின் இரண்டு ஓரமும் கூராக முடியக் கூடாது, அங்கேயும் வளைவுதான். இது பிடிபட்டால் தூணும் மினாராவும் குவிமாடமும் பிடிபட்ட மாதிரி.

பிறகு அளவு. பென்சிலைக் கையில் பிடித்து, முழங்கையை மடக்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எதிரே உள்ள பொருளோடு பென்சிலை ஒட்டிப் பாருங்கள். பென்சில் நுனியிலிருந்து கட்டைவிரல் நகம் வரை ஓர் அளவு. அந்த அளவு எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், எல்லோரும் செய்யும் தவறு அதுதான்.

இதைப் பழக மதுரையைவிட நல்ல ஊர் கிடைக்காது. கோரிப்பாளையம் தர்ஹாவின் குவிமாடம் அரைவட்டம் என்று மனதுக்குள் நினைத்து வரைந்தால் தவறாகிவிடும், ஏனென்றால் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை நாம் ஒருபோதும் பார்த்ததே இல்லை. பென்சிலை நீட்டிப் பார்த்தால்தான் தெரியும். திருமலை நாயக்கர் மஹாலுக்குப் போங்கள். 1636இல் கட்டியது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் யாராவது நிற்கும்போது, அவர் உயரத்தைப் போல் எத்தனை மடங்கு அந்தத் தூண் என்று பாருங்கள். பெரும்பாலான பிள்ளைகள் தூணைக் குட்டையாகவும் ஆளைப் பெரிதாகவும் வரைந்துவிடுகிறார்கள். கண் தனக்குத் தெரிந்ததைப் பெரிதாக்கிக் காட்டும், பென்சில் அப்படிச் செய்யாது. அந்தத் தூண்களை இணைக்கும் பல மடிப்பு வளைவுகளில் இஸ்லாமியக் கட்டடக்கலையின் சாயல் இருப்பதையும் அங்கே உட்கார்ந்து வரையும்போதுதான் கவனிப்பீர்கள். நடந்துகொண்டே பார்த்தால் கண்ணில் படாது.

வெளியே உட்கார்ந்து வரைய நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்குக் கூச்சம். கூட்டம் கூடும், "யாரும்மா நீ, என்ன வரையுறே" என்று கேட்பார்கள். இரண்டு பேராகப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஃபஜ்ருக்குப் பிறகு வெயில் ஏறுவதற்குள் வண்டியூர் தெப்பக்குளத்தின் கரையில் உட்கார்ந்தால் தொந்தரவு குறைவு. படிகளும் நடுமண்டபமும் போதும், ஒரு மாதம் வரையலாம். ஆனைமலையை ஒத்தக்கடைப் பக்கமிருந்து ஒரே கோட்டில், கையை எடுக்காமல் வரையலாம். அதுவும் நல்ல பயிற்சி, மலைக்குக் கோணல் என்று ஒன்று கிடையாது என்பதால் யாரும் குறை சொல்ல முடியாது!

தூரத்துப் பொருள் சிறிதாகத் தெரிவதை வரைவதுதான் பல பேருக்குத் தலைவலி. பாடப்புத்தகத்தில் இதற்கு நிறைய விதிகள் இருக்கும். கொத்தனார் வீட்டுப் பிள்ளைக்கு நாம் சொன்ன வழி வேறு. ட்யூப் லெவல் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் நிரப்பிய குழாயை வைத்து நாலு சுவரிலும் ஒரே மட்டத்தில் கோடு அடிப்பார்கள். அந்தக் கோடு உங்கள் கண் உயரத்தில் அடிக்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறையின் எந்த மூலையிலும் அது ஏறாது, இறங்காது, நேராகவே தெரியும். அதுதான் கண்மட்டம். அதற்கு மேலே உள்ள கோடுகள், உத்தரம், ஜன்னல் மேல்கட்டை எல்லாம், தூரம் போகப் போக அந்த மட்டத்தை நோக்கி இறங்கும். கீழே உள்ளவை, தரையின் ஓரம், திண்ணை எல்லாம், அதை நோக்கி ஏறும். நீங்கள் உட்கார்ந்தால் கண்மட்டமும் கூடவே உட்காரும். எழுந்தால் அதுவும் எழும்.

நம்பிக்கை வரவில்லையா? பரீட்சைக்குக் கொண்டுபோகும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பேடை எடுங்கள். காஜிமார் தெரு மாதிரி நீளமான ஒரு தெருவைப் பார்த்து முகத்துக்கு முன்னால் பிடியுங்கள். ஒரு கண்ணை மூடுங்கள், தலையை அசைக்காதீர்கள். தெரிவதன் மேலேயே மார்க்கரால் கோடு இழுங்கள். வீட்டுக் கூரைகளும் சாக்கடை ஓரமும் ஒரே புள்ளியில் போய்ச் சேர்வதைப் பேடிலேயே பார்ப்பீர்கள். விதியை மனப்பாடம் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

காம்பஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. வட்டம் போட்டு, அதே ஆரத்தை மாற்றாமல் வட்டத்தின் ஓரத்தில் அடியெடுத்து வைத்தால் சரியாக ஆறு முறையில் தொடங்கிய இடத்துக்கே வரும். ஒரு வட்டத்துக்குள் இரண்டு சதுரத்தை, ஒன்றை மற்றதற்கு 45 டிகிரி திருப்பி வைத்தால் எட்டு முனை நட்சத்திரம். இரண்டு தூணுக்கு நடுவே உள்ள அகலத்தையே ஆரமாக வைத்து, இரண்டு தூணின் தலையிலிருந்தும் வில் இழுத்தால் கூரான வளைவு. இவற்றை நாம் பள்ளிவாசல் ஜன்னலிலும், தொழுகை விரிப்பிலும், வீட்டு கேட்டிலும் தினமும் பார்க்கிறோம். வகுப்பில் வடிவமைப்புப் பயிற்சி கொடுக்கும்போது நம் பிள்ளைகள் இந்த வாசலால் உள்ளே போகலாம். நாட்டாவில் வண்ணத்தை வைத்து வடிவம் அமைக்கச் சொல்வதற்கும் இது கைகொடுக்கும்.

நாம் அதிகம் வற்புறுத்தியது வேறு ஒன்றை. சொந்த வீட்டை அளந்து வரைவது.

ஒரு டேப், ஒரு ஸ்கேல், ஒரு ஏ4 தாள். 1:50 அளவில் வரைந்தால் 10 அடி நீளம் தாளில் 61 மில்லிமீட்டர் வரும். 20க்கு 30 அடி வீடு 122க்கு 183 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், ஏ4 தாளில் ஓரம் விட்டும் இடம் மிஞ்சும். 9 இஞ்சு சுவர் நாலரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. சுவருக்குத் தடிமன் உண்டு என்பதே பல பிள்ளைகளுக்கு இப்போதுதான் உறைக்கும், அதுவரை சுவர் என்றால் ஒரு கோடு என்றே நினைத்திருப்பார்கள். அறைகளை உள்ளுக்குள் அளந்து கூட்டினால் வெளி அளவு வராது. எங்கே போனது என்று தேடினால் சுவர்களுக்குள் இருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கால்வட்டமாகக் காட்டுங்கள். மூலை சரியான மூலைமட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி அளந்து குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் வராது, அதையும் அப்படியே வரையுங்கள்.

பிறகு அளவு டேப்பில் வராத விஷயங்கள். காலையில் வெயில் எந்த ஜன்னல் வழியாக எதுவரை வருகிறது? அம்மா எங்கே உட்கார்ந்து காய் நறுக்குகிறார், ஏன் அங்கே? விருந்தாளி வந்தால் வீட்டுப் பெண்கள் எந்த வழியாக உள்ளே போகிறார்கள்? எட்டுப் பேர் உள்ள வீட்டில் தொழ எங்கே விரிப்பு விரிக்கிறீர்கள், கிப்லா திசைக்கு அறை ஒத்துப்போகிறதா, குறுக்காக விரிக்கிறீர்களா? இதையெல்லாம் பென்சிலால் அந்த வரைபடத்தின் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். பெரிய பங்களாவில் தனி அறையோடு வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் இவ்வளவு சீக்கிரம் வராது என்பது நம் எண்ணம். பக்கத்து மேசைக்காரரின் நிழல் தீட்டல் அழகாக இருக்கட்டும். இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேர் எப்படிப் புழங்குகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

வகுப்பில் ஆசிரியர்கள் முன்னால் வரைபடத்தை மாட்டி வைத்து விளக்கச் சொல்வார்கள். நம் பிள்ளைகள் தமிழ்வழியில் படித்தவர்களாக இருந்தால் அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மூன்று வாக்கியம் தயார் செய்துகொண்டு போங்கள்: நான் என்ன செய்ய நினைத்தேன், இதில் எதைச் செய்திருக்கிறேன், எந்த இடத்தில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவதைச் சொல்லத் தயங்காதீர்கள். ஆசிரியர் உங்கள் தாளின் மேலேயே சிவப்பு மையால் கோடு போட்டால் மனம் உடைந்துபோக வேண்டாம். அதற்காகவே பட்டர் ஷீட் என்ற மெல்லிய தாள் விற்கிறது, அதை மேலே விரித்து நீட்டுங்கள். உங்கள் படமும் தப்பும், அவர் திருத்தமும் உங்களுக்குக் கிடைக்கும்.

ஜஹா ஹதீத் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1950இல் பாக்தாதில் பிறந்தவர். முதலில் பெய்ரூத்தில் கணிதம் படித்தார், பிறகுதான் லண்டனில் கட்டடக்கலை. 1983இல் ஹாங்காங்கில் ஒரு மலைமேல் கட்டுவதற்கான போட்டியில் அவருடைய வரைபடங்கள் வென்றன. ஆனால் அந்தக் கட்டடம் எழும்பவே இல்லை. அவர் வரைந்தது கட்டடமாகப் பெரிதும் பேசப்பட்டது ஜெர்மனியில் ஒரு தீயணைப்பு நிலையத்தில், 1993இல். நடுவில் பத்து ஆண்டுகள். அவரை "தாளிலேயே கட்டுகிறவர்" என்ற தோரணையில் பேசியவர்கள் உண்டு. 2004இல் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைத்தது, அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். இலங்கையின் ஜெஃப்ரி பாவா வக்கீலாக இருந்தவர். கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. பதினெட்டு வயதில் "எனக்கு நேரமாகிவிட்டது" என்று சொல்லும் பிள்ளைகளிடம் நாம் இவரைப் பற்றிச் சொல்வதுண்டு.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை இரவு பதினொரு மணிக்குத் தரையில் தாளை விரித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தால் "இதெல்லாம் ஒரு படிப்பா" என்று கேட்டுவிடாதீர்கள். இந்தப் படிப்பில் தூக்கம் கெடுவது உண்மைதான். முடிந்தால் ஒரு பலகை, நல்ல விளக்கு, தாளை யாரும் மிதிக்காத ஒரு மூலை, இவற்றைக் கொடுங்கள். மினி டிராஃப்டர், டி ஸ்கொயர் போன்றவற்றைப் புதிதாக வாங்க முடியாதவர்கள் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள், படித்து முடித்த பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக் கொடுக்க முயல்வோம்.

அந்த மாணவி முப்பதாம் நாள் வந்தார். முதல் நாள் தாளையும் கடைசி நாள் தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அவரே பார்த்துச் சிரித்துவிட்டார். படிப்பை மாற்றும் பேச்சை எடுக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. வீட்டு வரைபடம் எங்கே என்றுதான் கேட்டோம்.

அதை வரைந்து சுவரில் ஒட்டிவைத்திருந்தாராம். வேலை முடிந்து வந்த அத்தா, கை கால் கழுவிவிட்டு, அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றிருக்கிறார். மகள் என்ன படிக்கிறாள் என்று அதுவரை அவருக்குச் சரியாகத் தெரியாது. பிறகு, "அடுப்படிக்கும் ரூமுக்கும் நடுவுல உள்ள சுவர் நாலரை இஞ்சும்மா, நீ ஒம்போதா போட்டிருக்கே" என்று சொல்லி, பென்சிலை வாங்கித் தானே திருத்தியிருக்கிறார். அந்த வீட்டை அவர்தான் கட்டினார்.

இப்போது இரண்டாம் செமஸ்டர். மாடிப்படியின் வெட்டுத்தோற்றம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். படியின் உயரம் 7 இஞ்சு, மிதிக்கும் அகலம் 10 இஞ்சு என்று போட்டிருக்கிறார். யார் சொன்ன அளவு என்று கேட்டோம். "அத்தாதான்" என்றார்.